மீன் கல்லுக்கு முன்னால்

ஒகேனக்கல்
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

கோகிலா எழுதுகிறேன். இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். ஓசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? சளி விட்டதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அப்பாவின் போன் போன மாதம் பரிசலிலிருந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசியில் புதைத்து வைத்து எடுத்தோம். உயிர் வந்துவிட்டது. ஆனால் காதில் வைத்தால் ஒன்றும் கேட்பதில்லை, ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசுகிறது. போன வாரம் நீ, "ஏண்டி, உனக்கு மாசாமாசம் சரியா வருதா?" என்று கேட்டது பரிசல் துறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மாதப்பன் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார். அதனால்தான் இதைப் போனில் கேட்கவில்லை.

என் முகத்தில் எண்ணெய் வடிகிறது அக்கா. காலையில் கழுவிவிட்டு நம் மீன் கடைக்குப் போனால், அடுப்பு பற்றுவதற்குள் மூக்கும் நெற்றியும் பளபளவென்று ஆகிவிடுகின்றன. தாடையில் பரு, நெற்றியில் பரு. கண்ணாடி பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கே போகிறதே, முகத்தில் போகாதா என்று பாத்திரம் விளக்கும் சோப்பை முகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் நன்றாக இருந்தது. முகத்தை யாரோ இழுத்துக் கட்டியது போல இருந்தது. மதியத்துக்குள் முன்பைவிட அதிகமாக வடிந்தது.

உன் கம்பெனியில் எத்தனையோ பெண்கள் இருப்பார்கள். என்ன போடுகிறார்கள் என்று கேட்டு எழுது. எனக்கென்று சொல்லாமல் கேள்.

ஒன்பதாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை
கோகிலவாணி


ஓசூர், பெண்கள் விடுதி, அறை 14
பிப்ரவரி 20

அன்புள்ள கோகிக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன். சளி போய்விட்டது. வேலை அதேதான். நின்றுகொண்டே இருப்பதால் கால் வீங்குகிறது, ராத்திரி தலையணை மேல் தூக்கி வைத்தால் காலையில் வற்றிவிடுகிறது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதியதைப் படித்து நிம்மதி.

பாத்திரம் விளக்கும் சோப்பா! நீ என்ன முகம் கழுவினாயா, அண்டா கழுவினாயா? என் அறையில் ஷாஜியா என்று ஒருத்தி இருக்கிறாள். தர்மபுரிக்காரி. இங்கே வருவதற்கு முன் ஒரு தோல் டாக்டரிடம் சீட்டு கொடுக்கும் வேலையில் இருந்தவள். உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. தலையில் அடித்துக்கொண்டு, "அடியே, அவ தோலு உரிஞ்சி போயிரும், மொதல்ல அத நிறுத்தச் சொல்லுடி" என்றாள்.

அவள் சொன்னது இது. எண்ணெயை அடியோடு எடுத்தால், தோல் பயந்துபோய் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அதனால் கடுமையான சோப்பு எதுவும் வேண்டாம். எண்ணெய்ச் சருமத்துக்கென்று ஜெல் மாதிரி ஃபேஸ்வாஷ் இருக்கிறது, அதில் காலையும் மாலையும் மட்டும் கழுவ வேண்டும். பருவைக் கிள்ளக் கூடாது. எலுமிச்சம்பழம், பற்பசை எதையும் அப்பக் கூடாது. பேருந்து நிலையத்தில் ஏழே நாளில் வெள்ளையாகும் என்று டப்பாவில் விற்பார்களே, அதைத் தொடவே கூடாது. டாக்டரிடம் வந்த பாதிப் பேர் அதைப் போட்டு முகம் வெந்து வந்தவர்களாம். நடுவில் எண்ணெய் வடிந்தால் கழுவாதே, மெல்லிய காகிதத்தை வைத்து ஒற்றி எடு.

நானும் அவளும் சேர்ந்து வாங்கி அனுப்புகிறோம். எங்களுக்கு இதெல்லாம் எதற்கு? தூசியே படக் கூடாத கிளீன் ரூமுக்குள் பவுடர், மை, கிரீம் எதுவும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. கண்ணைத் தவிர எல்லாம் மூடித்தான் நிற்கிறோம்.

ஒன்று கேட்கிறேன். பொட்டு வைக்கக்கூட மறந்துவிட்டு ஓடுகிறவள் நீ. திடீரென்று என்ன இந்த முகக் கவலை? யாராவது ஏதாவது சொன்னார்களா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
பிரியா


ஒகேனக்கல்
மார்ச் 6

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னாள் அம்மா.

பார்சல் இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. மெல்லிய காகிதம் என்று எழுதியிருந்தாய். நம் கடையில் காகிதம் என்றால் பொரித்த மீனின் எண்ணெயை இழுக்க விரிக்கும் பேப்பர்தான். மீனில் இருப்பதை இழுக்கிறதே என்று ஒரு தாளைக் கிழித்து முகத்தில் நன்றாக அழுத்தி எடுத்தேன். தாள் நனைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷம். அந்த முகத்தோடு தண்ணீர் பிடிக்கப் போனேன். மாதப்பன் மாமா என்னை நிறுத்தி, "ஏம்புள்ள, நெத்தியில ஏதோ நெலம் விக்கற வெளம்பரம் போட்டிருக்குது, எந்த ஊரு நெலம்?" என்றார். மை அப்படியே ஏறியிருக்கிறது. குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். அழுத்தித் தேய்த்ததில் பரு உடைந்து ரத்தம் வந்துவிட்டது.

இப்போது நான் பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்கிறேன். செதிள் எடுப்பது, துண்டு போடுவது, மசாலா தடவுவது என் வேலை. கல்லில் போட்டு எடுப்பதை அம்மா பார்த்துக்கொள்கிறாள். நானே நிற்கிறேன் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். எனக்கும் பின்பக்கம்தான் வசதி. வெயிலுக்குத் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை அக்கா. சும்மாதான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கோகிலா


ஓசூர், அறை 14
மார்ச் 16

என் கோகிக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் நெற்றி விளம்பரத்தைப் படித்து ஷாஜியா கட்டிலில் உருண்டு சிரித்தாள். பிறகு பாவம் என்று சொல்லி, அவள் பெட்டியிலிருந்த டிஷ்யூ கட்டு ஒன்றைப் பார்சலில் சேர்க்கச் சொன்னாள். பார்சல் முன்பே போய்விட்டதே என்றேன். "அப்ப இன்னொண்ணு அனுப்புடி, கஞ்சம்" என்றாள். இரண்டும் சேர்ந்தே வரும் போலிருக்கிறது.

முதல் பார்சலில் மூன்று இருக்கும். ஃபேஸ்வாஷ். தண்ணீர் போல இருக்கும் ஒரு ஜெல், கழுவிய பிறகு பூசுவதற்கு. எண்ணெய் வடிகிற முகத்துக்குப் பூசவும் வேண்டுமா என்று கேட்பாய், வேண்டும். இன்னொன்று வெயில் கிரீம். மூன்றிலும் தோலின் துளையை அடைக்காது என்று போட்டிருக்கிறது, ஷாஜியா ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துத்தான் எடுத்தாள். முதலில் தாடைக்குக் கீழே கொஞ்சம் போட்டு இரண்டு நாள் பார். அரிக்கவில்லை என்றால் முகத்துக்குப் போடு. தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றிக்கு இறங்காமல் பார்த்துக்கொள். மிளகாய்த் தூள் கையோடு முகத்தைத் தொடாதே. தலையணை உறையை மாற்று. பொறுமையாக இரு, இரண்டு மாதமாவது ஆகும்.

இனி நான் கேட்பதற்குச் சரியாகப் பதில் எழுது. அம்மா ஏன் கல்லுக்கு முன்னால் நிற்கிறாள்? அடுப்புப் புகை அம்மாவுக்கு ஆகவே ஆகாது என்று பென்னாகரத்தில் டாக்டர் சொன்னதால்தானே நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றாய்? இரண்டு வருஷம் நீதானே நின்றாய்? "நானே நிக்கறேன்" என்று அம்மா சொல்லலாம். அம்மா எதைத்தான் சொல்ல மாட்டாள்? நீ எப்படி விட்டாய்?

பதிலை எதிர்பார்க்கிறேன்.

பிரியா


ஒகேனக்கல்
ஏப்ரல் 13

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை வரப்போகிறது, இப்போதே கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரக்கூட முடிவதில்லை.

இரண்டு பார்சலும் வந்தன. ஷாஜியா அக்காவுக்கு என் நன்றியைச் சொல். அப்பா ஃபேஸ்வாஷ் குழாயை மோந்து பார்த்து, "மருந்தா, சோப்பா?" என்றார். இரண்டும்தான் என்றேன். "ரெண்டும்னா ரெண்டுமே இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

நான் மறுபடி ஒரு தப்புச் செய்தேன். சீக்கிரம் சரியாகட்டும் என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கழுவினேன். பூசுகிற ஜெல்லைத் தொடவே இல்லை. எண்ணெய் மேல் எண்ணெயா என்று பயம். மூக்கின் ஓரம் தோல் உரிந்து, காரம் பட்டால் எரிந்தது. அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்புள்ள... இந்த மீன் கல்லுக்கு... என்னைக்காச்சும் சோப்புப் போட்டிருக்கமா?" என்றாள். "போட்டா என்னாவும்? மறுநாளு மீனு ஒட்டிக்கும்... பிச்சுக்கிட்டு வரும். துணியால தொடைச்சு... லேசா எண்ணெயக் காட்டி வெச்சாத்தான... கல்லு கல்லா இருக்கும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தினமும் கல்லைத் துடைத்து வைப்பவள் நான்தான். நீங்கள் இரண்டு பேரும் எழுத்தில் சொன்னது புத்தியில் ஏறவில்லை, அந்தக் கறுப்புக் கல்லைப் பார்த்ததும் ஏறியது. அன்றிலிருந்து காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, பிறகு ஜெல். எரிச்சல் நின்றுவிட்டது. எண்ணெய் இன்னும் வடிகிறது. முன்பு போல இல்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் இருமல். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்திப் பேசுகிறாள், அவ்வளவுதான். கல்லுக்கு முன்னால் யார் நிற்பது என்பதை நாங்கள் பேசிக்கொள்வோம். நீ அங்கிருந்து கவலைப்படாதே.

உனக்கு அங்கே தண்ணீர் வசதி எப்படி? வேளைக்குச் சாப்பிடு.

கோகிலா


ஓசூர், அறை 31
மே 11

கோகிலாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு எழுது.

ரொம்ப நாளாக எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. அறை மாறிவிட்டேன், முகவரியைக் குறித்துக்கொள். இங்கே காற்று நன்றாக வருகிறது.

முகத்துக்குப் போடுவதை நிறுத்தாதே. வெயில் கிரீமைக் காலையில் போட மறக்காதே, பரு போன இடத்தில் கறுப்பு விழாமல் இருக்க அதுதான் முக்கியமாம். ஆனால் கோகி, முகம் எப்படி இருந்தாலும் முகம்தானே. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அந்த நீலச் சுடிதார் உனக்கு எடுப்பாக இருக்கிறது.

யார் கையில் போன் இருந்தாலும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்காதே. அதில் உருப்படியாக ஒன்றும் இல்லை.

கையெல்லாம் வலிக்கிறது, இத்துடன் முடிக்கிறேன்.

பிரியா


ஒகேனக்கல்
மே 18

அன்பு அக்காவுக்கு,

நீ நலம்தானா? இந்த ஒரு வரி சடங்குக்காகக் கேட்பதல்ல.

நீலச் சுடிதாரைப் பொங்கலுக்குத்தான் வாங்கினேன். பொங்கலுக்கும் நீ ஊருக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. நானும் உனக்குப் போட்டோ அனுப்பவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனதும் ஒரே ஒருநாள்தான். அந்த ஒருநாளைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

நானே சொல்லிவிடுகிறேன். தை மாத நடுவில் நாலு பையன்கள் வந்தார்கள். மீனை வீடியோ எடுக்கிறோம் என்று கேட்டார்கள். சரி என்றேன். மீனை எடுப்பதாகத்தான் நினைத்தேன். குனிந்து திருப்பிக்கொண்டிருந்தேன், போன் எங்கே பார்க்கிறது என்று பார்க்கவில்லை. நாலு நாள் கழித்து, என்னோடு படித்த கனிமொழி பிளஸ் ஒன் வகுப்பு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு ஓடிவந்தாள். "ஏய், நீ ஃபேமஸ் ஆயிட்டடி!" என்று காட்டினாள். மீன் கொஞ்சம்தான் இருந்தது. மீதி முழுக்க என் முகம். அடுப்பு வெளிச்சத்தில் எண்ணெயும் வேர்வையும் பருவுமாக, எவ்வளவு கிட்டே எடுத்திருக்கிறான். கீழே எழுதியிருந்ததைக் கனிமொழி கையால் மறைத்தாள். நான் அவள் விரலை விலக்கிப் படித்தேன். "கடைக்கு எண்ணெய்ச் செலவே இல்ல, இந்த மூஞ்சியிலயே பொரிக்கலாம்." அதற்குச் சிரிப்புப் படம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

மறுநாள் நான் அம்மாவிடம் வயிற்று வலி என்று சொல்லிப் பின்பக்கம் உட்கார்ந்தேன். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் கரண்டியை அம்மாவே எடுத்துக்கொண்டாள். நானே நிற்கிறேன் என்று அம்மா சொன்னதாக உனக்கு எழுதியது பொய். அவள் சொல்லவில்லை. நான் எழுந்து வரவில்லை.

போன வியாழக்கிழமை அம்மாவை பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூக்கில் புகை மாதிரி மருந்து வைத்தார்கள். "மறுபடியும் அடுப்புகிட்டயா நிக்கறீங்க?" என்று டாக்டர் அம்மாவைத் திட்டினார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முன்னால் வந்தால் அம்மா பின்னால் போகலாம். அது எனக்குத் தெரியும் அக்கா. தினமும் காலையில் இன்றைக்கு என்று நினைத்துக்கொண்டுதான் போகிறேன். யாராவது போனைத் தூக்கினால் கால் பின்னுக்குப் போய்விடுகிறது. முகம் கொஞ்சம் சரியானதும் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குத்தான் உன்னிடம் மருந்து கேட்டேன்.

அங்கே எத்தனை பேர் பார்த்தார்கள்?

கோகிலா


ஓசூர், அறை 31
ஜூன் 1

என் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன். நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. அம்மாவின் மருந்து தீராமல் பார்த்துக்கொள்.

கேன்டீனில் பார்த்தேன். ஷாஜியாதான் காட்டினாள். "பிரியா, உங்க ஊருடீ, இங்க பாரு" என்றாள். கீழே இருந்ததைச் சத்தமாக, ராகம் போட்டுப் படித்தாள். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். உன் முகத்துக்கு என்ன போட வேண்டும் என்று கடையில் டப்பா டப்பாவாகத் திருப்பிப் படித்தவள் அவள்தான். அந்த முகம்தான் இந்த முகம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு முதலில் நம் பச்சை வாளி தெரிந்தது. அப்புறம் நீ.

"அது என் தங்கச்சி" என்றேன். பிறகு என்னென்னவோ பேசிவிட்டேன், நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்கே வார்டனிடம் கேட்டு அறை மாறினேன். ஷாஜியா இரண்டு தடவை வந்து கதவருகே நின்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை வந்து என் கட்டிலில் ஒரு ஜெல் குழாயை வைத்துவிட்டு, "உன் தங்கச்சிது தீர்ந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதோடு அனுப்பியிருக்கிறேன். அவள் வாங்கியது வேண்டாம் என்று தோன்றினால் தூக்கிப் போடு.

உன்னை முன்னால் வா என்று நான் எழுதப் போவதில்லை. இங்கே எட்டு மாதமாக என் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்கிறேன். மாஸ்க்கின் கம்பி படும் இடமெல்லாம் சீழ்ப்பரு. உனக்கு ஊர் மருந்தெல்லாம் எழுதுகிற எனக்கு, ஷிஃப்டுக்குப் போகும்போது ஒன்றும் போட முடியாது. ஆனால் யாரும் பார்ப்பதில்லை, அதனால் யாரும் சிரிப்பதும் இல்லை. சில நாள் அது நல்லதாகத் தோன்றுகிறது. சில நாள் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கும்போது, இவள் யார் என்று இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழாய்களால் பரு அடங்கும், எண்ணெய் குறையும். கண்ணாடி மாதிரி முகம் வராது. டாக்டரிடம் வந்தவர்களுக்கே வரவில்லையாம். அதற்காகக் காத்திருக்காதே.

பிரியா


ஒகேனக்கல்
ஜூலை 13

அன்பு அக்காவுக்கு,

உன் முகத்துப் புண் இப்போது எப்படி இருக்கிறது? ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கழுவிவிட்டு நீயும் ஜெல் போடு. நீ எனக்கு எழுதியதைத்தான் உனக்குத் திருப்பி எழுதுகிறேன்.

மூன்று வாரமாக ஆற்றில் வெள்ளம். பரிசல் நிறுத்திவிட்டார்கள், அருவியில் குளிக்கவும் விடுவதில்லை. ஆள் இல்லாததால் கடையைத் திறக்கவில்லை. அப்பா பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து ஆற்றைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அடுப்பு எரியாமல் இத்தனை நாள் இருந்ததே இல்லை.

அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நேற்று வீட்டிலிருந்து குழாயடி வரை நிற்காமல் நடந்தாள்.

ஷாஜியா அக்காவின் குழாயைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு நாள் ஜன்னலில் கிடந்தது. பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதை அனுப்பியவள் மேல் கோபம் இருந்தால் முகத்துக்குக் கேட்காதா என்ன.

இதைக் கேள். என் முகம் சரியாகிவிட்டது அக்கா. நெற்றி வழவழப்பாக இருக்கிறது. தாடையில் தழும்பு மட்டும்தான். நேற்று கனிமொழி வந்து, "ஏய், என்னடி போடற, எனக்கும் சொல்லு" என்று கேட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்? அவள் போன பிறகு குளிர்ந்து கிடக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குழாய் பாதி வேலைதான் செய்திருக்கிறது. மீதியைச் செய்தது, பின்பக்கம் வரை அனலடித்த இந்த அடுப்பு அணைந்ததுதான். அம்மாவின் மூச்சைச் சரியாக்கியதும் அதுதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மருந்து.

ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர் குறைந்தாலும் குறையாவிட்டாலும் சனம் வரும். கடையைத் திறந்தே ஆக வேண்டும், அப்பா விறகுக்குச் சொல்லிவிட்டார். அடுப்பு பற்றினால் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். நான் நின்றால் இந்த முகம் போய்விடும். அம்மா நின்றால் அந்த மூச்சு போய்விடும். இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் இந்த நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கோகிலா


ஓசூர், அறை 31
ஜூலை 24

கோகிக்கு,

நான் சுகம், புண் கொஞ்சம் ஆறியிருக்கிறது. நீ சொன்னபடி செய்கிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு லீவு கேட்டேன், தரவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் காலை ஷிஃப்ட்.

நின்றால் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நிற்காதே. அடுப்புக்கு முன்னால் அது ஆபத்து. இது முகத்துக்காகச் சொல்வதல்ல. பருத்தித் துணி ஒன்றைத் தோளில் போட்டுக்கொள். ஒற்றி எடு, தேய்க்காதே.

பிரியா


ஒகேனக்கல்
ஆகஸ்ட் 5

அன்பு அக்காவுக்கு,

நேற்று முழுக்கத் தூங்கினேன். உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, நின்றால் கால் வலிக்கிறது. கையில் இரண்டு இடத்தில் எண்ணெய் தெறித்திருக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சனம். அம்மா வழக்கம் போலக் கரண்டியை எடுத்தாள். நான் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நெற்றியிலிருந்து தாடை வரை, ஏதோ கணக்குப் பார்ப்பது போல. "இப்பத்தான புள்ள... நல்லாயிருக்குது" என்றாள். "குடும்மா, கல்லு காயுது" என்றேன். கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போய் மீன் ஆய உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது. துணியால் ஒற்றினேன், மறுபடி வடிந்தது, அப்புறம் ஒற்றவும் கை ஒழியவில்லை. பெங்களூரிலிருந்து வந்தவர்கள் "எஷ்டு, எஷ்டு" என்று விலை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் ஒருவன் கம்பில் போனை மாட்டிக்கொண்டு வந்தான். போன் என் முகத்துக்கு நேரே வந்தது. "அக்கா, இங்க பாருங்க, சிரிங்க" என்றான். எனக்குக் கால் பின்னுக்குப் போயிற்று அக்கா. உண்மையாகவே ஓர் அடி வைத்துவிட்டேன். கல்லில் மீன் கிடந்தது, இன்னும் கொஞ்சம் விட்டால் கருகிவிடும். குனிந்து திருப்பினேன். திருப்பிய பிறகு பின்னால் போவது மறந்துவிட்டது. நிமிர்ந்து, "எத்தனை பீஸுங்க?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கிட்டே வந்தான்.

அப்போது பின்பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள். கையெல்லாம் செதிள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏப்பா தம்பி, படம் புடிக்கறவன் ஓரமா நின்னு புடி, உனக்குப் பின்னாடி கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு எத்தனை பேரு சோத்தோட நிக்கறாங்க பாரு, எம்பொண்ணு மூஞ்சியப் பாத்தா உனக்கு வயிறு நெறைஞ்சிருமா, மீனு வேணும்னா வாங்கு, வேணாம்னா அந்தக் கம்ப மடக்கிக்கிட்டு நகரு!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. அவன் கம்பை மடக்கிவிட்டு மூன்று துண்டு வாங்கிப் போனான். வீடியோவைப் போட்டானா என்று தெரியாது. கனிமொழியிடம் கேட்கவில்லை.

எனக்கு அதெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் கரண்டியைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நீளமாகப் பேசினாள், நடுவில் ஓர் இடத்தில்கூட நிறுத்தவில்லை. இருமவில்லை.

தாடையில் நாலு பரு வந்திருக்கிறது, நெற்றியில் ஒன்று எழும்புகிறது. காலையும் மாலையும் கழுவுகிறேன், மேலே ஒன்றும் செய்வதற்கில்லை. ஜெல் தீர்ந்துவிட்டது. அடுப்புக்கு முன்னால் நிற்கிறவளுக்கு எது நல்லது என்று ஷாஜியா அக்காவிடம் கேட்டு அனுப்பு. நீயே போய்க் கேள்.

இங்கே அம்மா நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் தங்கை
கோகிலவாணி